மேல்வரிசையில் உட்கார்ந்த ஓரெஸ்ட்

ஓரெஸ்ட் ஹாலுஷ்கா வாயைத் திறக்காத வரைக்கும் அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் நடுவயதுக்காரன், அவ்வளவுதான். வெளியூர் விவசாயி ஒருவர் வந்து பெல்ட் கேட்பார். "எந்த மாடலுக்கு?" என்று இவன் கேட்டதும் அவர் பெல்ட்டை மறந்துவிட்டு, "நீங்க ரேடியோக்காரர்தானே?" என்பார். எங்கள் ஹார்ப்பர்ஸ் பெண்ட் ஊரின் ஜூனியர் ஹாக்கி அணி பனித்தளத்தில் இறங்குகிற மாலைகளில், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இந்த மூலையில் இருக்கும் சமையலறைகளிலும் லாரிகளிலும் மாட்டுக்கொட்டகைகளிலும் கேட்கிற குரல் அவனுடையது.

அரங்கத்தில் வர்ணனைக்கான கண்ணாடிக் கூண்டில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் மெர்வ். பகலில் தபால் வண்டி ஓட்டுகிறேன். சின்ன வயதில் இதே அணிக்குக் கோல் காப்பாளனாக நின்று நிறையக் கோல்களை உள்ளே விட்டவன் என்ற தகுதியில் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஆட்டத்தை ஓரெஸ்ட் சொல்வான், அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போது நான் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. "ஆமாம், ஓரெஸ்ட்" என்பதுதான் பல வருடங்களாக நான் சொல்லிவந்த கருத்து.

பக்கத்து ஊரான நியூ டால் அணியோடு ஆட்டம் நடந்த ஒரு ஜனவரி மாலை. நியூ டால் என்றால் எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட முகம் சுளிக்கும். அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஆள் ஒருவன் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டை மட்டையில் ஒட்டவைத்தது போல எடுத்துக்கொண்டு, பனியில் போட்ட நீலக் கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் நுழைந்தான். ஓரெஸ்ட்டின் குரலும் அவனோடு ஏறிக்கொண்டே போனது. சட்டென்று நின்றது.

தண்ணீர் குடிக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் பனித்தளத்தைப் பார்த்தபடியேதான் இருந்தான். பிறகு அதே குரலில், ஆனால் அவசரமே இல்லாமல், மைக்கில் சொன்னான்: "சொல்றவர் கொஞ்சம் தடுமாறுறார். நல்ல குரல்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஆட்டத்தைவிட அவர்தான் வேகமா ஓடுறார்."

அடுத்த விநாடி ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். அதற்குள் நியூ டால்காரர்கள் பக்கைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டிருந்தார்கள்.

இடைவேளையில் கேட்டேன். "என்னடா அது, உன்னையே நீ விமர்சனம் பண்ணிக்கிற?"

"நான் இங்க இல்லடா மெர்வ்."

"பின்ன எங்க இருந்த?"

"மேல்வரிசையில. பாப்கார்ன் மெஷின் இருக்குல்ல, அதுக்கு மேல. அங்கிருந்து பாக்குறேன், கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒருத்தன் உக்காந்து கத்திக்கிட்டு இருக்கான். உன் வழுக்கைகூடத் தெரிஞ்சுது."

"அது எல்லா வரிசையிலேருந்தும் தெரியும்."

ஊரே அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அது வந்தது. நடுவில் குரல் நிற்கும், பிறகு "வர்ணனையாளர்" பற்றி ஒன்றிரண்டு வாக்கியம் வரும். ஜனங்கள் அதற்காகவே ரேடியோவைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்கள். பெட்ரோல் பங்க்கை ஒட்டிக் காபிக்கடை வைத்திருக்கும் கிளிஃப், ஓரெஸ்ட் உட்கார்ந்தால் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைப்பான்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு மேல உக்காந்திருக்கிறவனுக்கு."

"அவன் சர்க்கரை போட மாட்டான்" என்பான் ஓரெஸ்ட். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருப்பான்.

சிரிக்காதவள் அவன் மனைவி லவோன் ஒருத்திதான். லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் சிரிப்பு பேருந்தின் ஹாரனைவிடத் தூரம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது ஓரெஸ்ட் முட்கரண்டியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, "இந்தக் கை யாருது?" என்றானாம்.

"யார் கையா இருந்தாலும் பரவால்ல, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று இவளும் விளையாட்டாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

மறுநாளே பேருந்தை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வலிப்பு என்றார்கள். விழுந்து கைகால் வெட்டிக்கொள்வது மட்டும்தான் வலிப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். மூளையில் ஒரு சின்ன மூலை மட்டும் தறிகெட்டு ஓடினாலும் அது வலிப்புதானாம், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாதாம். டிரைவிங் லைசென்சைப் பிடுங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை மேல்வரிசைக்காரனை ஒன்றும் செய்யவில்லை, கீழே இருந்தவனைத்தான் தூங்கவைத்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே மண்டை ஓட்டில் சின்னச் சின்னத் துளை போட்டு, நூல் போன்ற கம்பிகளை உள்ளே இறக்கி, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று காத்திருந்து பார்ப்பார்கள். கம்பிகளோடு கட்டிலிலேயே கிடக்க வேண்டும். லவோன் செய்துகொடுத்த பெரோகியை, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை, எடுத்துக்கொண்டு நான் போனபோது, தலையில் வெள்ளைக் கட்டும், அதன் உச்சியிலிருந்து குதிரைவால் போலக் கம்பிக்கற்றையுமாக உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா இருக்கேன்?"

"முள்ளங்கியைப் பிடுங்கித் தலைகீழா வச்ச மாதிரி இருக்க."

அவனைக் கவனித்துக்கொண்ட டாக்டர் நவோமி ஃப்ரீசன், ஒல்லியான, உயரமான பெண். ஷூ நாடாவைக் கட்டாமலேயே நடப்பவர். பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டோம்.

"நியூ டால்" என்றார்.

ஓரெஸ்ட் என்னைப் பார்த்தான். "மெர்வ், என் மண்டையை விரோதிகிட்டத் திறந்து குடுத்துட்டேன்."

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "உங்க டீமைத் தோக்கடிக்க உங்க மூளை வரைக்கும் போக வேண்டியதில்ல. நாங்க நேரா நின்னாலே போதும்."

அதற்குப் பிறகு ஓரெஸ்ட்டுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

வலிப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒருவாறு பிடிபட்டதும், அந்த இடத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஒவ்வொரு கம்பியிலும் துளி மின்சாரம் விட்டு என்ன நடக்கிறது என்று அவனிடமே கேட்பார்களாம். அதற்கு அவன் எதையாவது செய்துகொண்டிருந்தால் நல்லது என்றதும், "அப்ப ஆட்டம் சொல்றேன்" என்றான் ஓரெஸ்ட். "ஆனா மெர்வ் பக்கத்துல இருக்கணும். தனியா எனக்கு வராது." எனக்கு அது வியப்பாக இருந்தது. என்னால் அவனுக்கு என்ன பிரயோஜனம் என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

பழைய ஆட்டம் ஒன்றின் பதிவை மடிக்கணினியில் ஓடவிட்டார்கள். டாக்டர் வேண்டுமென்றே நியூ டால் ஜெயித்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஓரெஸ்ட் ஆரம்பித்தான். தாதிகள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

ஒரு கம்பியில் மின்சாரம் விட்டபோது அவன் கட்டைவிரல் துள்ளியது. இன்னொன்றில் அவனுக்குப் பக் என்ற சொல்லே வரவில்லை. "அந்தக் கறுப்பு... வட்டமா... பிஸ்கட் மாதிரி..." என்று திணறி, மின்சாரம் நின்றதும், "பக், பக், பக்" என்று கோழி போலச் சொல்லித் தீர்த்தான். வேறொன்றில் எரிந்த ரொட்டி வாசம் அடித்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. அவனாகக் கற்பனை செய்துகொள்கிறானா என்று பார்க்க, நடுநடுவே மின்சாரம் விடாமலேயே விட்டதாகச் சொன்னார்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

பிறகு ஆழத்தில் இருந்த ஒரு கம்பிக்கு வந்தார்கள். மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒட்டி நிற்கும் அல்லவா, அந்த உட்சுவரில் கொஞ்சம் பின்பக்கமாக இருக்கும் இடம் என்று டாக்டர் எனக்குத் திரையில் காட்டினார். எனக்கு அது வேகவைத்த காலிஃபிளவர் போலத் தெரிந்தது.

ஓரெஸ்ட் உச்சக் குரலில் போய்க்கொண்டிருந்தான். டாக்டர் தலையசைத்ததும் மின்சாரத்தை விட்டார்கள். குரல் நின்றது.

"என்ன ஆச்சு, ஓரெஸ்ட்?"

"ஒண்ணும் ஆகல. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"யாரை?"

"பேசிக்கிட்டு இருந்தாரே, அவரை. இப்ப உங்களுக்குப் பதில் சொல்றாரே, அவரைத்தான்."

"பேசுறது நீங்கதானே?"

"என் குரல்தான். நான்தான் பேசுறேன்னு தெரியுது. ஆனா நான் பேசல, அங்க பேச்சு நடக்குது. எப்படிச் சொல்றது... பஸ்ஸுல பின்சீட்டுல உக்காந்திருக்கேன், பஸ் போகுது."

"உங்க பேரு?"

"ஓரெஸ்ட் ஹாலுஷ்கா."

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில. கொஞ்சம் மேல, பின்னால." பிறகு, எனக்காக அல்ல, பொதுவாகச் சொல்வது போலச் சொன்னான்: "அந்தாளு நல்லாதான் சொல்றார். பக்கத்துல இருக்கிறவனையும் கொஞ்சம் பேச விடலாம். அந்த மெர்வ் பாவம், எத்தனை வருஷமா வாயைத் திறந்து திறந்து மூடுறான்."

நான் காலிஃபிளவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஓரெஸ்ட் தோள்களைக் குலுக்கினான், நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவன் போல. "வந்துட்டேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?" என்றான்.

தாழ்வாரத்தில் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். "அப்ப அவன் குடியிருக்கிற இடம் அதுதானா? அந்தக் கம்பி முனை?"

"அப்படி இருந்தா எனக்கு வேலை சுலபம்" என்றார் அவர். "ரேடியோவுல ஒரு ஒயரைப் பிடுங்கினா சத்தம் நிக்கும். அதுக்காக உங்க ஃபிரண்டு அந்த ஒயருக்குள்ள உக்காந்திருக்காருன்னு அர்த்தமில்ல. இந்த உடம்பு என்னோடது, நான் இங்க இருக்கேன்ங்கிற உணர்ச்சியை எத்தனையோ இடம் சேர்ந்து கட்டி நிறுத்துது. இது அதுல ஒரு முக்கியமான முடிச்சுன்னு தோணுது. கவனிச்சீங்களா, அவருக்குப் பேரு மறக்கல. உங்களையும் மறக்கல. அந்தக் கதையெல்லாம் வேற இடத்துல இருக்கு."

இதை நான் உள்ளே போய் ஓரெஸ்ட்டிடம் சொன்னேன். அவன் பெரோகியை மென்றுகொண்டே யோசித்தான். "அதாவது என் பேரு ஒரு ரூம்ல, என் பிட்டம் இன்னொரு ரூம்ல. ரெண்டும் ஒரே வீடுன்னு சொல்றதுக்கு நடுவுல ஒருத்தன்."

"அவன் அடிக்கடி லீவுல போயிடுறான்" என்றேன்.

சிக்கல் என்னவென்றால் வலிப்பு கிளம்பும் இடம் அந்த முடிச்சுக்குப் பக்கத்து வீடாக இருந்தது. லேசர் நுனியால் பயறு அளவு இடத்தைச் சுட்டுவிடலாம், வலிப்பு நின்றுபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். கொஞ்ச நாள் தூரம் பிடிபடாமல் தடுமாறலாம், வேறு மாதிரி ஏதாவதும் ஆகலாம், அதை மறைக்க விரும்பவில்லை என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று கம்பிகளை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

ஓரெஸ்ட் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். மார்ச் போய் ஏப்ரல் வந்து பனி உருகிச் சாலையெல்லாம் சேறான பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சனிக்கிழமை அவர்கள் சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது லவோன் உடைத்துக் கேட்டாள்.

"என்ன பயம் உனக்கு? சொல்லித் தொலை."

"பயம் இல்ல லவோன்." மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னான். "அங்க நல்லா இருக்கு."

"எங்க?"

"மேல. முதுகு வலி கிடையாது. பதற்றம் கிடையாது. வாழ்நாள் பூரா ஆட்டத்தைக் கத்திக் கத்தியே சொல்லிட்டேன், ஒருநாள்கூட உக்காந்து பாத்ததில்ல. அங்கதான் பாக்குறேன்."

"டிக்கெட்டும் வாங்க வேண்டாம்" என்றேன். லவோன் என்னைப் பார்த்த பார்வையில் நான் காபிக்கோப்பைக்குள் இறங்கிக்கொண்டேன்.

"உனக்கு நல்லா இருக்கு" என்றாள் அவனிடம். குரலை உயர்த்தவில்லை. "நீ மேல போய் உக்காந்துக்கிற. ஆட்டம் பாக்குற. கீழ என்ன விட்டுட்டுப் போற தெரியுமா? உன் மூஞ்சியை. அது திறந்த கண்ணோட என்னைப் பாக்குது, நான் யாருன்னு அதுக்குத் தெரியல. நான் அதுகூட உக்காந்திருக்கேன், நீ எப்ப இறங்கி வருவியோன்னு. ஒருநாள் நீ வராமலே போயிட்டா, அந்த மூஞ்சிக்கு நான் சோறு ஊட்டணுமா?"



"எனக்கு அது தெரியாது லவோன்" என்றான் ஓரெஸ்ட். "அங்கிருந்து உன் முதுகுதான் தெரியும்."

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்தான்.

ஜூனில் அறுவை நடந்தது. வெளியே லவோனும் நானும் ஒரு பை சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தீர்த்தோம். டாக்டர் கட்டாத ஷூ நாடாவோடு வந்து, எல்லாம் சரியாகப் போனது, விழித்துவிட்டார், போய்ப் பாருங்கள் என்றார். உள்ளே போனோம். லவோன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"எங்க இருக்க?"

"கட்டில்ல. முதுகு வலி உயிர் போகுது."

"யார் முதுகு?"

"என் முதுகுதான். வேற எவன் முதுகு எனக்கு வலிக்கும்?"

லவோன் சிரித்தாள். இரண்டு வார்டு தள்ளி இருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே அழுதாள், அவன் தலைக்கட்டில் படாமல் காதைப் பிடித்து முத்தமிட்டாள். நான் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது.

கொஞ்ச நாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான், காபியை மேசைக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே வைத்துத் தரையில் கொட்டினான். அதுவும் சரியாகிவிட்டது. வலிப்பு திரும்பி வரவில்லை. அடுத்த பருவம் தொடங்கியபோது கண்ணாடிக் கூண்டுக்குத் திரும்பினான். முதல் ஆட்டத்தில் ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாறு வாக்கியம் சொன்னான். பிறகு நிறுத்தினான். மறுபடியும் போய்விட்டானா என்று திரும்பினேன். அவன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், பேசுடா என்பது போல.

"ஆமாம், ஓரெஸ்ட்" என்றேன்.

அவன் இன்னும் காத்திருந்தான். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்துச் சேர்த்துவைத்திருந்த ஒன்றுகூட அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. "பனி இன்னிக்குக் கெட்டியா இருக்கு" என்றேன். மறுநாள் கிளிஃப் கடையில் எல்லோரும் பனி எப்படி இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார்கள்.

ஒருமுறை அவனே கேட்டு ஒரு ஆட்டத்துக்கு விடுப்பு எடுத்தான். லவோனோடு டிக்கெட் வாங்கி மேல்வரிசையில், பாப்கார்ன் மெஷினுக்கு மேலே போய் உட்கார்ந்தான். காதில் சின்ன ரேடியோ. கூண்டில் நான் தனியாக. ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்தான்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"அது மாதிரி இல்லடா. முழங்கால் மடக்க இடமில்ல. முன்னாடி இருந்தவன் தொப்பி மறைக்குது. இவ என் பாப்கார்னைப் பூரா தின்னுட்டா." யோசித்தான். "வர்ணனை சொன்னவன் வேற படு மோசம்."

"நல்ல குரல்தான்" என்றாள் லவோன்.

இந்த வாரம் லவோன் எங்கோ ஒரு பண்ணை ஏலத்தில் பழைய பியானோ ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அது வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கி நிற்கிறது, அவசரமாக வா என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஓரெஸ்ட் உள்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறான், தலை மட்டும் தெரிகிறது. லவோன் படியில் உட்கார்ந்து இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு என்று இருவருக்கும் உத்தரவு போடுகிறாள். கோட்டைக் கழற்றிப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு, நான் என் பக்கத்து மூலையைப் பிடித்துத் தூக்கினேன்.